கடைமடைக்கு எட்டாத ஆக்சிஜன்

வாசகர் கேள்வி: வணக்கமுங்க டாக்டர். நாங்கள் கொடுமுடிப் பக்கம், கீழ்பவானி வாய்க்காலின் கடைமடையில் விவசாயம் செய்கிறோம். அம்மாவுக்கு 56 வயது. கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று சொல்லி, கோவையில் ஒரு மருத்துவமனையில் கரண்ட் (கதிர்சிகிச்சை) வைக்கிறார்கள். 25 முறையில் 11 முடிந்திருக்கிறது. வாரம் ஒரு கீமோ. ஹீமோகுளோபின் 8.4 என்று வந்ததால் ரத்தம் ஏற்றினார்கள். எதற்கு என்று கேட்டோம். ‘கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவு, ரத்தம் இருந்தால்தான் கரண்ட் வேலை செய்யும்’ என்றார் டாக்டர். அம்மா விரலில் கருவியை மாட்டிப் பார்த்தால் 98 காட்டுகிறது. ‘மூச்சு நல்லாத்தானுங்க இருக்குது’ என்கிறார் அவரும். அப்புறம் எப்படி ஆக்சிஜன் குறைவு? திருப்பூரில் இருக்கும் மாமா, ஆக்சிஜன் அறைக்குள் உட்கார வைத்தால் புற்றுநோய் செத்துவிடும், நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானியே சொல்லியிருக்கிறார் என்கிறார். மூன்று வாரம் கரண்டை நிறுத்திவிட்டு அதைச் செய்து பார்க்கலாமா? அம்மா முப்பது வருடம் விறகடுப்புப் புகையில் சமைத்தவர். நல்ல காற்று கிடைக்காமல்தான் இந்த நோய் வந்ததா? எனக்குப் 10 வயதில் மகள் இருக்கிறாள். அதனாலும் கேட்கிறேன்.

பதில்:

தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கரண்டை நிறுத்தாதீர்கள். மூன்று வாரம் வேண்டாம், மூன்று நாள்கூட வேண்டாம். ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன். காரணம் புரிந்துவிட்டால் மாமாவுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

விரலில் மாட்டும் கருவி காட்டுகிற 98 சரியான கணக்குதான். அம்மாவின் நுரையீரல் நன்றாக இருக்கிறது, ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனை நிரப்பிக்கொண்டு கிளம்புகிறது என்று அதற்குப் பொருள். ஆனால் அந்த ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று கருவிக்குத் தெரியாது. பத்து லாரி போகவேண்டிய இடத்தில் ஆறு லாரிதான் போகிறது, ஆனால் ஆறும் நிறைய லோடு ஏற்றிக்கொண்டு போகிறது என்றால், கருவி 98 என்றே சொல்லும். கட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது. அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பேப்பரில் படித்துவிட்டு, கடைமடை வயலில் ஈரம் இருக்கும் என்று நீங்கள் நம்புவீர்களா? பவானிசாகர் நிரம்பியிருந்தும் உங்கள் காட்டுக்குத் தண்ணீர் வந்து சேராத வருடங்கள் உங்களுக்குத் தெரியும். கட்டிக்குள் நடப்பதும் அதுதான்.

ரத்தக்குழாயிலிருந்து கசிந்து வெளியேறும் ஆக்சிஜன், திசுவுக்குள் வெகுதூரம் போகாது. 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைதான். ஒன்றிரண்டு தலைமுடியின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வழியில் இருக்கிற செல்கள் எல்லாவற்றையும் குடித்துவிடுகின்றன. நல்ல திசுவில் இதனால் சிக்கல் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்திலேயே ஒரு நுண்குழாய் ஓடுகிறது. கட்டி அப்படி ஒழுங்காக வளர்வதில்லை. செல்கள் பெருகுகிற வேகத்துக்குக் குழாய்கள் ஈடுகொடுக்க முடிவதில்லை. 1955இல், அதாவது பவானிசாகர் அணை கட்டி முடித்த அதே வருடத்தில், இங்கிலாந்தில் தாம்லின்சன், கிரே என்ற இருவர் நுரையீரல் புற்றுநோய்த் திசுக்களை நுண்ணோக்கியில் வைத்து இதை அளந்தார்கள். குழாய்க்குப் பக்கத்தில் செழிப்பான செல்கள். சற்றுத் தள்ளி, ஏறக்குறைய அந்த 0.2 மில்லிமீட்டர் தாண்டியதும், வெறும் செத்த திசு. அம்மாவின் சிகிச்சைக் கோப்பில் இத்தனை ‘கிரே’ என்று கதிரின் அளவு எழுதியிருக்கும், பாருங்கள். அந்த அலகுக்கு வைத்த பெயர் இந்தக் கிரேயின் பெயர்தான்.

செழிப்பான செல்லும் நமக்குக் கவலை, ஆனால் அது சிகிச்சைக்குக் கட்டுப்படும். செத்த செல்லால் தொந்தரவு இல்லை. இரண்டுக்கும் நடுவே, சாகவும் முடியாமல் முழுசாக வாழவும் முடியாமல் அரைப்பட்டினியில் கிடக்கும் செல்கள் இருக்கின்றன. எனக்குப் பயம் அவற்றிடம்தான்.

ஆக்சிஜன் குறைகிறது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2019இல் கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. நம் ஒவ்வொரு செல்லும் ‘ஹிஃப்’ என்ற ஒரு புரதத்தை விடாமல் செய்துகொண்டே இருக்கிறது, செய்த கையோடு அழித்துக்கொண்டும் இருக்கிறது. அழிப்பதற்கு முன்னால் அதன்மேல் ஓர் அடையாளம் குத்தவேண்டும். குத்துவதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இல்லையென்றால் அடையாளம் விழாது, புரதம் அழியாது, சேர்ந்துகொண்டே போய் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். நல்ல உடம்பில் இது உயிர் காக்கிற ஏற்பாடு. ஊட்டியில் போய்க் குடியேறுகிறவருக்குக் கொஞ்ச நாளில் சிவப்பணு கூடுவது இதனால்தான்.

கட்டிக்குள் அதே ஏற்பாடு கெட்ட காரியத்துக்குப் பயன்படுகிறது. புதுக் குழாய் வேண்டும் என்று அந்தச் செல்கள் ரசாயன ஆணை அனுப்புகின்றன. குழாய்களும் முளைக்கின்றன, ஆனால் அவசரத்தில் வெட்டிய வாய்க்கால் மாதிரி, கோணலும் கசிவுமாக, சில இடங்களில் முட்டுச்சந்தாக. அதனால் குழாய் வந்தும் பஞ்சம் தீருவதில்லை. உங்கள் பகுதியில் ஒரு போகம் ஒற்றைப்படை மதகுக்கும் அடுத்த போகம் இரட்டைப்படை மதகுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்களே, அந்த மாதிரி கட்டிக்குள்ளும் சில குழாய்கள் கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் அடைபடும். ஒரே செல் காலையில் பசியாகவும் மத்தியானம் நிறைவாகவும் இருக்கும். இப்படி மாறி மாறி வருவது ஒரேயடியாகக் காய்வதைவிட மோசம் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு.

அப்புறம் அந்தச் செல்கள் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை எரித்துப் பிழைக்கப் பழகுகின்றன. லாக்டிக் அமிலத்தைக் கக்கிச் சுற்றுப்புறத்தைப் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பில் நம் நோய் எதிர்ப்புச் செல்களின் கை ஓங்குவதில்லை. பக்கத்துச் செல்லோடு இருந்த பிடிப்பை விட்டுவிட்டு இடம்பெயரும் குணமும் வருகிறது. எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது ஒன்று உண்டு. மழை பொய்த்த வருடம் காட்டில் என்ன மிஞ்சுகிறது? சோளம் காய்கிறது, சீமைக்கருவேலம் நிற்கிறது. பழுதானால் தானே அழிந்துபோகும் ஒழுங்கு செல்லுக்கு உண்டு. ஆக்சிஜன் பஞ்சத்தில் அந்த ஒழுங்கு உள்ள செல்கள் செத்துப்போய், ஒழுங்கு கெட்ட செல்கள் தங்கிவிடுகின்றன. இதை 1996இல் ஆய்வில் காட்டினார்கள். நோய் அங்கே தன்னிலேயே கடினமானதைப் பொறுக்கி எடுத்து வளர்க்கிறது.

இதெல்லாம் ஆய்வகத்துச் சோதனைக்குழாயோடு நிற்பதல்ல. 1990களில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், அம்மாவுக்கு இருக்கிற இதே கருப்பைவாய்க் கட்டிகளுக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி ஆக்சிஜனை அளந்தார்கள். தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 95, 100 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கும். அந்தக் கட்டிகளில் பலவற்றில் அது 10க்கும் கீழே. அப்படி இருந்த பெண்களுக்கு நோய் திரும்புவதும் பரவுவதும் கூடுதலாக இருந்தது. கதிர்சிகிச்சை பெற்றவர்களில் மட்டுமல்ல, அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களிலும் அப்படியே. ஆக, ஆக்சிஜன் குறைவு சிகிச்சையைத் தடுக்கிறது என்பதோடு, நோயின் குணத்தையே முரட்டுத்தனமாக ஆக்குகிறது என்பதும் உறுதியானது.

சரி, கரண்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கதிர் பாயும்போது செல்லின் மரபணு இழையில் முறிவு விழுகிறது. ஆக்சிஜன் அந்த நொடியில் அங்கே இருந்தால் அந்த முறிவை நிலைப்படுத்திவிடும், செல்லால் ஒட்டவைக்க முடியாது. ஆக்சிஜன் இல்லையென்றால் பல முறிவுகள் தானாகச் சேர்ந்துவிடும். அந்தப் பட்டினிச் செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படும். அவ்வளவை ஒரே தடவையில் கொடுத்தால் பக்கத்திலிருக்கும் மூத்திரப்பையும் குடலும் தாங்காது.

அதனால்தான் 25 நாளாகப் பிரித்துத் தருகிறார்கள். முதல் சில நாட்களில் குழாய்க்கு அருகிலிருக்கும் செழிப்பான செல்கள் சாகின்றன. தலைமடையில் நின்று எல்லாத் தண்ணீரையும் மோட்டார் போட்டு இழுத்துக்கொண்டிருந்தவர்கள் போய்விட்ட மாதிரி. அவர்கள் குடித்த ஆக்சிஜன் இப்போது கொஞ்சம் உள்ளே போகிறது. நேற்றுவரை பட்டினியாகக் கிடந்த செல்லுக்கு மூச்சு கிடைக்கிறது, மூச்சு கிடைத்ததும் அது கதிருக்குக் கட்டுப்படும் செல்லாகிறது. அடுத்த நாள் கதிர் அதைப் பிடிக்கிறது. இப்படி நாளுக்கு நாள் கட்டி மேலிருந்து உள்ளே கரைகிறது. தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதற்குள் இருக்கிறது. அம்மாவின் கட்டிக்குள் ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைக் கதிர்சிகிச்சையே செய்துகொண்டிருக்கிறது. 11 நாளாகத் திறந்துகொண்டே வந்த மதகை, ஆக்சிஜன் ஏற்றுகிறோம் என்று சொல்லி மூடிவிடாதீர்கள்.

நிறுத்தினால் மிஞ்சிய செல்கள் சும்மா இருக்காது. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களுக்குப் பிறகு அவை முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். வெளியிலிருந்து தரும் கரண்ட் ஐந்து வாரம். அப்புறம் உள்ளே வைக்கிற கரண்ட் சில முறை இருக்கும். எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது இந்த நோய்க்கு உலகம் முழுக்க உள்ள கணக்கு. மூன்று வாரம் விட்டால் அந்தக் கணக்கு தாண்டிவிடும்.

இதை நான் கடுமையாகச் சொல்வதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில், காங்கேயம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா இதே நோயோடு வந்தார். 14 நாள் ஆனதும் ரத்தப்போக்கு நின்றுவிட்டது, முகம் தெளிந்துவிட்டது. ஊரில் மாரியம்மன் கோயிலில் நோன்புக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள், ராத்திரி ஊரில்தான் தங்கவேண்டும் என்று கிளம்பிப் போனார். நோன்பு முடிந்ததும் வயலில் மஞ்சள் வெட்டு வந்துவிட்டது. 19 நாள் கழித்து வந்தபோது கட்டி பழையபடி ஆகியிருந்தது. நிறுத்தாதீர்கள் என்று நான் சொல்லித்தான் அனுப்பினேன். ஏன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மகன் தூக்கிக்கொண்டாவது வந்திருப்பார். அந்த அம்மாவின் முகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

மாமா சொல்லும் நோபல் விஞ்ஞானி ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க். பெரிய மேதைதான். புற்றுச்செல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதுகூடச் சர்க்கரையைப் புளிக்கவைத்தே பிழைக்கின்றன என்று 1920களில் கண்டறிந்தவர் அவர். இன்றைக்குப் பெட் ஸ்கேனில் சர்க்கரை போன்ற ஒரு மருந்தை ஏற்றிக் கட்டியைத் தேடுகிறோமே, அதற்கு அடிப்படை அந்தக் குணம். ஆனால் 1931இல் அவருக்கு நோபல் கிடைத்தது செல்களின் சுவாச நொதியை ஆராய்ந்ததற்காக. செல்லின் சுவாசம் கெடுவதே புற்றுநோய்க்கு மூலகாரணம் என்று அவர் கடைசிவரை சொன்னார், 1966இல் ஒரு பேருரையே நிகழ்த்தினார். அந்தப் பகுதியைப் பின்னால் வந்த ஆராய்ச்சிகள் ஏற்கவில்லை. ஆக்சிஜன் பட்டாலே புற்றுநோய் சாகும் என்றால், உடம்பிலேயே காற்று அதிகம் படுகிற நுரையீரலில் புற்றுநோய் வரக்கூடாது. ரத்தத்திலேயே நீந்துகிற ரத்தப் புற்றுநோய் வரவே கூடாது.

ஆக்சிஜன் அறை, அதாவது அழுத்தத்தைக் கூட்டி ஆக்சிஜன் கொடுக்கும் அறை, ஏமாற்று வேலை என்றும் நான் சொல்லமாட்டேன். கடலில் ஆழமாக மூழ்கி ஏறுபவர்களுக்கு வரும் நோய்க்கும், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு விஷத்துக்கும், கதிர்சிகிச்சைக்குப் பிறகு தாடை எலும்பு புண்ணாகிறவர்களுக்கும் அது முறையான சிகிச்சை. இங்கிலாந்தில் 1950களிலிருந்தே நோயாளியை அந்த அறைக்குள் படுக்க வைத்து, உள்ளே இருக்கும்போதே கதிரும் கொடுத்துப் பார்த்தார்கள். சில வகைப் புற்றுநோய்களில் கொஞ்சம் பலன் இருந்தது, பக்கவிளைவும் சேர்ந்தே கூடியது, நடைமுறைச் சிரமமும் அதிகம் என்று வழக்கத்திலிருந்து போய்விட்டது. கவனிக்க வேண்டியது இதுதான்: கதிர் பாயும் அந்த நொடியில் ஆக்சிஜன் இருக்க வேண்டும். திருப்பூரில் ஓர் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தால் ஏறியது கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். மூன்று வாரம் கழித்து வைக்கப்போகும் கரண்டுக்கு அதனால் ஒரு உதவியும் இல்லை. சில கீமோ மருந்துகளோடு அந்த அறை ஒத்துப்போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆக்சிஜன் தண்ணீர் என்று பாட்டிலில் விற்பதை வாங்கவே வேண்டாம். ஒரு சாதாரண மூச்சில் 100 மில்லி ஆக்சிஜன் உள்ளே போகிறது, வயிறு சுவாசிக்கிற உறுப்பல்ல.

உண்மையாகவே ஆக்சிஜனுக்கு நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, அந்த மருத்துவமனையில் ஏற்கெனவே செய்தது: ரத்தம் ஏற்றுவது. ஹீமோகுளோபின் 10க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது இந்தச் சிகிச்சையில் வழக்கம். வாரா வாரம் ரத்தப் பரிசோதனை முடிவை நீங்களும் கேட்டு எழுதி வையுங்கள். கீரையும் கம்பும் கொடுத்து ஏற்றிவிடலாம் என்று காத்திருக்காதீர்கள். அது மாதக்கணக்கில் நடக்கும் வேலை, நமக்கு இருப்பது வாரங்கள். தவிர அடிவயிற்றில் கதிர் வைக்கும்போது வயிற்றுப்போக்கு வரும், நார்ச்சத்து அதிகமானால் அது கூடும். சாப்பாட்டை அங்கிருக்கும் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ரத்தம் ஊறுவதற்கு ஊசி இருக்கிறதாமே என்று யாராவது சொன்னால், நீங்களாக வாங்கிப் போடவேண்டாம். சிறுநீரக நோயாளிகளுக்குப் போடும் எரித்ரோபொய்டின் ஊசியை, கதிர்சிகிச்சையில் இருந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2003இல் வந்த முடிவில் சிவப்பணு கூடியிருந்தது, ஆனால் நோய் கட்டுப்படுவது குறைந்திருந்தது.

இரண்டாவது புகை. அப்பா பீடி குடிப்பவராக இருந்தால், இந்த இரண்டு மாதமாவது அம்மா இருக்கும் வீட்டுக்குள் வேண்டாம் என்று சொல்லுங்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். காசு கொடுத்து, ஆள் தேடி ஏற்றிய ரத்தத்தில் ஒரு பங்கு வேலைக்கு ஆகாமல் போகும். மூடிய சமையலறையில் விறகடுப்பும் அதே கணக்குதான். சிகிச்சை முடியும்வரை அடுப்புப் பக்கம் அம்மாவை விடாதீர்கள்.

மூன்றாவது, கொடுமுடியிலிருந்து கோவைக்கு ஒரு வழிக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸிலும் ரயிலிலும் மீதி 14 நாளும் தினமும் போய் வந்து அலைந்தால் ஏதோ ஒரு நாள் அம்மா வரமாட்டேன் என்பார். ஆக்சிஜன் அறைக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை ரூம் எடுங்கள். அம்மாவைச் சீக்கிரம் தூங்கவிடுங்கள். காலையில் மூச்சுப்பயிற்சி செய்ய ஆசைப்பட்டால் செய்யட்டும், மனசுக்கு நல்லது, ஆனால் 98ஐ அது 108 ஆக்காது.

விறகுப் புகையால் வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். புகை நுரையீரலுக்குக் கெடுதல்தான். ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு மூலம் ஹெச்பிவி என்ற வைரஸ். அதைக் காட்டியதற்காக ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் கிடைத்தது. மாமா நோபலைப் பற்றிப் பேசினால் இதையும் சொல்லுங்கள். கல்யாணமான பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது தொற்றி, தெரியாமலே போய்விடும் வைரஸ் அது. சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, பல வருடம் கழித்துக் கட்டியாகிறது. அம்மாவின் நடத்தையைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறக்க இதில் இடமே இல்லை. ஆக்சிஜன் குறைவு விதையல்ல, விதை முளைத்துக் கட்டி கொஞ்சம் வளர்ந்த பிறகு அதை முரடாக்குகிற நிலம். மலைமேல் மெலிந்த காற்றில் வாழ்கிறவர்களுக்கு அந்தக் காற்றால் மட்டும் புற்றுநோய் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

மகளுக்கு 10 வயது என்றால் ஹெச்பிவி தடுப்பூசிக்குச் சரியான வயது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்ல பலன் தரும். நம் நாட்டிலேயே தயாராகும் ஊசி 2023இலிருந்து கிடைக்கிறது. பக்கத்துக் குழந்தைகள் மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் மனைவிக்கு 30 தாண்டியிருந்தால் கருப்பைவாய்ப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், அரசு மருத்துவமனையிலேயே செய்கிறார்கள், ஐந்து நிமிட வேலை.

இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் ஏதாவது நாள் விட்டுப்போயிருந்தால் பயந்துகொண்டு சொல்லாமல் இருக்காதீர்கள். நாளைக் காலையே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், இத்தனை நாள் விட்டுப்போச்சுங்க என்று அங்கிருக்கும் டாக்டரிடம் சொல்லுங்கள். விட்ட நாளை எப்படி ஈடுகட்டுவது என்று கணக்குப் போட அவருக்குத் தெரியும், சில சமயம் சனிக்கிழமையிலும் வைத்துக் கொடுப்பார்கள்.